சோதனைப் பயணி

அன்று காலை றீற்றாவுக்குக் கொடுத்த அட்டையில் அவள் லிஸ்பனுக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தது. தனியே போகிறாள், சக்கர நாற்காலியில் போகிறாள், ஒரு பெட்டி கொண்டு போகிறாள். அவளுடைய கணவர் டெஸ்மன்டுக்குக் கிடைத்த அட்டையின்படி அவர் ஒஸ்லோவுக்குப் போகும் வியாபாரி. பெட்டியின் நிறை கூடிவிட்டதென்று சொல்லும் பெண்ணோடு அவர் வாக்குவாதப்பட வேண்டும். சுவிசுக்கு வந்த நாளிலிருந்து எந்த வெள்ளைக்காரரோடும் வாக்குவாதப்படாத மனிதர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை நான் எப்பிடிச் செய்யிறது, றீற்றா?”

“வீட்டில என்னோட செய்யிற மாதிரிச் செய்யுங்கோ.”

உண்மையில் யாரும் எங்கும் போகவில்லை. தலைநகர் பேர்ணுக்கென்று கட்டிய லாங்மோஸ் சர்வதேச விமான நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. திறப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்காகப் பொதுமக்களில் சில நூறு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு வேடம் கொடுத்து, சாப்பாடும் ஒரு துணிப்பையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். றீற்றாவின் மகள் நதாலி அங்கேதான் வேலை செய்தாள். பயணிகள் எந்த வழியால் வந்து எந்த வழியால் போவார்கள் என்று திட்டமிடும் பகுதியில் இருந்தாள். “அம்மா, உங்களைப் போல ஆக்கள்தான் எங்களுக்கு வேணும். கட்டாயம் வாங்கோ,” என்று தொலைபேசியில் அவள்தான் கேட்டாள்.

றீற்றா அதைக் கேட்டு மகிழ்ந்துபோனாள். முள்ளந்தண்டில் செய்த சத்திரசிகிச்சை பிழையாகிப்போய், இடுப்புக்குக் கீழே கால்கள் சொல்வழி கேட்காமல் விட்டு மூன்று வருடமாகிறது. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேலாக லுட்சேர்னில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் நின்றவள் அவள். இந்த மூன்று வருடத்தில் எல்லோரும் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களே தவிர, அவள் வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீடிருந்த எம்மன்புரூக்கேயிலிருந்து அதிகாலையிலேயே வெளிக்கிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுக்கும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

லாங்மோஸ் என்ற பெயரைக் கேட்டாலே அந்த நாட்களில் ரயிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நாட்டின் தலைநகருக்கு வரும் பெரிய மனிதர்கள் சூரிச்சில் இறங்கி ரயிலேற வேண்டியிருக்கிறதே என்ற வெட்கத்தில் தொடங்கிய வேலை அது. முதல் வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டாவதில், கட்டத்தான் வேண்டுமென்றால் சிறிதாகக் கட்டுங்கள் என்றார்கள். அங்கே பயிர் செய்த கமக்காரர்கள் வழக்குப் போட்டதால் ஓடுபாதையைத் திருப்பினார்கள். விமானமேறும் கிழக்குப் பக்க வாசல்களைக் கட்டி முடித்த பிறகுதான் நடு மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர். அது சதுப்பு நிலம் என்று அந்த ஊர் மாடுகளுக்குக்கூடத் தெரியும். மண்டபத்தை ஆழத்தில் இறக்க முடியாதென்று அரை மாடி உயர்த்தினார்கள். கிழக்குப் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று தடவை நாள் குறித்து மூன்று தடவையும் தள்ளிவைத்தார்கள். தொலைக்காட்சியில் நையாண்டி செய்கிறவர்களுக்கு வேறு விடயமே தேவைப்படவில்லை.

இதெல்லாம் நதாலி சாப்பாட்டு மேசையில் சொல்லி றீற்றா கேட்டவைதான். அரை மாடி உயர்த்தினார்கள் என்பதையும் கேட்டிருந்தாள். அந்த அரை மாடி தன்னை என்ன செய்யும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

பெட்டியை ஒப்படைப்பதும் பாதுகாப்புச் சோதனையும் சிக்கலில்லாமல் முடிந்தன. அவளுடைய நாற்காலியைத் தள்ளுவதற்கு செலாம் என்ற எரித்திரியப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒரு மாதத்துக்கு முன்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இருவரும் பெரிய மண்டபத்துக்குள் வந்தபோது றீற்றாவுக்கு வாய் பிளந்தது. கூரை முழுக்க வெளிறிய மரம். கண்ணாடிக்கு அப்பால் பனி மூடிய மலைகள். வாசனைத் தைலக் கடைகள், கைக்கடிகாரக் கடைகள், சாக்லேற் கடைகள். என்னுடைய பிள்ளையின் வேலை இது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைகள் முடிந்த இடத்தில் அகலமான படிக்கட்டு ஒன்று கீழே இறங்கியது. பக்கத்தில் நகரும் படிகள். மேலே ‘கிழக்கு வாசல்கள்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. பயணிகளாக நடித்தவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

“லிஃப்ட் எங்கே?” என்று றீற்றா ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

“இங்கே லிஃப்ட் இல்லை,” என்றாள் செலாம். “குழி வெட்டினால் தண்ணீர் வருகிறதாம். எங்களுக்கு வேறு வழி.”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். வந்த வழியே, கடைகளைத் தாண்டி, சுவரோடு சுவராக இருந்த ஒரு சாம்பல் நிறக் கதவைத் தன் அட்டையால் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மரக்கூரை இல்லை. பூசாத சீமெந்துச் சுவர், குழாய்கள், சாமான் ஏற்றும் பெரிய லிஃப்ட் ஒன்று. லிஃப்டின் கதவு திறந்தபோது உள்ளே சாப்பாட்டுக் கடைகளின் கழிவு வாளிகள் நின்றன. அவற்றைக் கொண்டுவந்த ஆள் மன்னிப்புக் கேட்டு ஒதுக்கி இடம் விட்டான். றீற்றாவின் முழங்காலுக்கும் ஒரு வாளிக்கும் இடையில் கை நுழையாது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. பழைய எண்ணெயும் புளித்த பாலும் சேர்ந்து மணத்தன.

சமையலறையில் வேலை செய்தவளுக்கு அந்த மணம் புதிதல்ல. ஆனால் அங்கே அவள் வாளியைத் தள்ளியவள். இங்கே வாளியோடு சேர்த்து அவளையும் தள்ளுகிறார்கள்.

கீழே ஒரு நீளமான ஒடுங்கிய பாதை. அது முடிந்த இடத்தில் ஒரு இரும்புக் கதவு. கதவைத் திறந்தால் வெளி. மாசி மாதத்துத் தூறல், சதுப்பு நிலத்திலிருந்து அடிக்கும் ஊசிக் காற்று. கட்டடத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் கொண்டுபோவதற்கு ஒரு வான் வண்டி வந்து நிற்க வேண்டும். வான் இல்லை. செலாம் கைத்தொலைபேசியில் கூப்பிட்டாள், திரும்பவும் கூப்பிட்டாள். றீற்றாவின் குளிரங்கி பெட்டியோடு போய்விட்டது. செலாம் தன் கழுத்துத் துணியைக் கழற்றி அவளுடைய தோளில் போட்டாள்.

“இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தானா?” என்று றீற்றா கேட்டாள்.

“பயிற்சியில் இப்படித்தான் காட்டினார்கள். தற்காலிக ஏற்பாடு என்றார்கள்.”

வான் ஒருவழியாக வந்தது. கட்டடத்தை அரைவட்டம் சுற்றி இன்னொரு இரும்புக் கதவுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போனது. அந்தக் கதவு செலாமின் அட்டைக்குத் திறக்கவில்லை. அட்டையைத் துடைத்து வைத்தாள், திருப்பி வைத்தாள். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. பக்கத்திலிருந்த கண்ணாடியூடாக, சில படிகளுக்கு மேலே, லிஸ்பனுக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளை உள்ளேயிருந்து றீற்றாவுக்குக் கைகாட்டியது. றீற்றாவும் கைகாட்டினாள். அவளுடைய விரல்கள் விறைத்திருந்தன.

கடைசியில் உள்ளேயிருந்து கதவைத் திறந்தவர் எக்கர். அன்றைய சோதனைக்குப் பொறுப்பான அதிகாரி. உயரமான, சிரித்த முகமுள்ள மனிதர், கையில் ஒரு டப்லெட். கதவுக்கு அப்பால் வாசலுக்கு ஏறும் லிஃப்ட் இருந்தது, ஆனால் அதற்கு இன்னும் பரிசோதனை முத்திரை கிடைக்கவில்லையாம், ஓட்டக் கூடாதாம்.

“ஒரு பிரச்சினையுமில்லை, திருமதி குரூஸ்,” என்றார் எக்கர். “நாலு பேரைக் கூப்பிடுகிறேன். நாற்காலியோடு பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். நேரம் போகிறது. நீங்கள் வந்து சேர்ந்தாயிற்று என்று இப்போதே போட்டுவிடுகிறேன்.”

அவருடைய விரல் டப்லெட்டில் ஒரு பச்சைச் சதுரத்தைத் தொட்டது. றீற்றா அதைப் பார்த்தாள்.

“நான் வந்து சேரவில்லையே,” என்றாள்.

“இந்தக் கதவும் வாசல் பகுதியைச் சேர்ந்ததுதான். கணக்குப்படி வந்துவிட்டீர்கள்.”

“நான் லிஸ்பனுக்குப் போகிறவள். இங்கே விமானம் எங்கே நிற்கிறது?”

எக்கர் சிரித்தார். “இன்றைக்கு எல்லாம் விளையாட்டு மாதிரித்தானே, திருமதி குரூஸ்.”

அந்தச் சொல்தான் றீற்றாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. குளிரில் நின்றது விளையாட்டா? அந்த வாளி விளையாட்டா? அவள் நாற்காலிச் சக்கரங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“என்னை ஒருவரும் தூக்கக் கூடாது. வந்த வழியே என்னைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் விடுங்கள். மற்றவர்கள் எந்த வழியால் போகிறார்களோ அந்த வழியால் போவேன். இல்லையென்றால் போகமாட்டேன்.”

எக்கர் எவ்வளவோ நயமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் செலாம் நாற்காலியைத் திருப்பித் தள்ளத் தொடங்கினாள். வான், ஒடுங்கிய பாதை, லிஃப்ட், சாம்பல் கதவு. மண்டபத்தில் படிக்கட்டின் உச்சிக்கு நேர் நடுவில் வந்ததும் றீற்றா இரண்டு சக்கரத்துக்கும் தடை போட்டாள்.

முதலில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பயணிகள் அவளைச் சுற்றி வளைந்து இறங்கினார்கள். பிறகு கீழே லிஸ்பன் வாசலில் வரிசை நகராமல் நின்றது. கணக்கில் றீற்றாவின் பெட்டி விமானத்தில் ஏறிவிட்டது, ஆள் ஏறவில்லை. ஆள் வராவிட்டால் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் புறப்படக் கூடாது என்பது எல்லா விமான நிலையத்துக்கும் பொதுவான விதி. எக்கர் போட்ட பச்சைச் சதுரம் வந்துவிட்டாள் என்றது, வாசலில் நின்ற பெண் வரவில்லை என்றாள். கணினி இரண்டையும் ஏற்க மறுத்தது. லிஸ்பன் நின்றதால் அதற்குப் பின்னால் அதே வாசலில் போக வேண்டிய வியன்னாவும் நின்றது. நடிக்க வந்தவர்கள் படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த அப்பிளைக் கடித்தார்கள். கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள்.

“அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

“கீழே போக வேண்டும்,” என்றாள் றீற்றா.

கிழவர் படிகளைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். “இந்த மடையர்கள்!” என்று பேர்ண் வழக்கில் உரக்கச் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். றீற்றாவுக்கு அந்தக் கைதட்டலும் பிடிக்கவில்லை. அவர்கள் கைதட்டிவிட்டு நகரும் படியில் இறங்கிப் போய்விடுவார்கள்.

சிறிது நேரத்தில் எக்கர் நதாலியைக் கூட்டிக்கொண்டு வந்தார். குரூஸ் என்ற பெயர் இரண்டு பேருக்கும் ஒன்று என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நதாலி ஓட்டமும் நடையுமாக வந்தாள். முப்பது வயதுப் பெண், கடைசி ஒரு வருடத்தில் முன்நெற்றி முடி கொட்டி வகிடு அகன்றிருந்தது. மகளின் வேலைக்கு ஆபத்தாகப் போகிறதே என்ற எண்ணம் றீற்றாவுக்கு அப்போதுதான் வந்தது. ஆனாலும் தடையை எடுக்கவில்லை.

நதாலி நாற்காலியின் முன்னால் குந்தி இருந்தாள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, எக்கருக்குக் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னாள்: “மம்மா, தயவுசெய்து. எல்லா ஒழுங்கும் செய்திருக்கிறார்கள். நாலு பேரும் பயிற்சி பெற்றவர்கள். உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோவார்கள்.”

பிறகு அதே முகத்தோடு, அதே கெஞ்சும் குரலில், தமிழில் சொன்னாள்: “அம்மா, அசையாதேங்கோ. ஆர் என்ன சொன்னாலும் அசையாதேங்கோ. பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு மனுசி வருவா, பேர்ணில இருந்து வந்த பரிசோதகர். அவ வருமட்டும் இப்பிடியே இருங்கோ.”

எக்கர் நன்றியோடு தலையாட்டினார். றீற்றா மகளை உற்றுப் பார்த்தாள்.

“என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“இப்ப கனக்கக் கதைக்கேலாது அம்மா. இருங்கோ.”

“இந்த அட்டையை எனக்குத் தந்தது நீயோ?”

“ஓம்.”

“அந்தக் குப்பை லிஃப்ட் உனக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“பூட்டிக் கிடந்த கதவு?”

“அது தெரியாது. சத்தியமாத் தெரியாது அம்மா.”

“அம்மா என்ன சொல்கிறார்?” என்று எக்கர் கேட்டார்.

“முதுகு நோகிறதாம்,” என்றாள் நதாலி.

றீற்றாவுக்கு உச்சியிலிருந்து சூடு பரவியது. இவ்வளவு நேரமும் ஒரு கோபம்தான் இருந்தது. அது வெளியே பார்த்த கோபம். இப்போது இரண்டாவது கோபம் ஒன்று முதலாவதை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. உங்களைப் போல ஆக்கள்தான் வேணும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேனே. எக்கருக்கு ஜெர்மனில் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், எல்லாம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. மகளின் அகன்ற வகிட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை வீட்ட வா,” என்றாள் தமிழில். “உன்னோட எனக்குக் கதை இருக்கு.”

பச்சைக் கோட்டுப் பெண் வந்தாள். குட்டை முடி, மூக்குக் கண்ணாடி, அவசரமில்லாத நடை. எக்கர் விளக்கத் தொடங்கினார். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு றீற்றாவிடம் நேரே கேட்டாள்.

“நீங்கள் உங்கள் வாசலைச் சென்றடைந்தீர்களா?”

“இல்லை.”

“உதவி கொடுக்கப்பட்டது, அவர்தான் மறுத்தார்,” என்றார் எக்கர்.

“தூக்குவது உதவியில்லை,” என்றாள் றீற்றா. அவளுடைய குரல் அவள் எதிர்பார்த்ததைவிட உரத்து, மரக்கூரையில் பட்டுத் திரும்பியது. “நான் வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்தவள். சூப்புக் கிடாரத்தைத்தான் நாலு பேர் சேர்ந்து தூக்குவோம். நான் கிடாரமா? இந்த மண்டபத்துக்குக் கூரை போட மரம் இருந்தது, கைக்கடிகாரம் விற்க இடம் இருந்தது. எனக்கு ஒரு லிஃப்ட் வைக்க இடமில்லையா? தண்ணீர், தண்ணீர் என்கிறீர்கள். தண்ணீர் எனக்கு மட்டும்தான் குறுக்கே நிற்கிறதா?”

பரிசோதகர் குறித்துக்கொண்டாள். பிறகு, “அந்த வழியை எனக்குக் காட்டுங்கள்,” என்று செலாமைப் பார்த்துச் சொன்னாள். இருவரும் சாம்பல் கதவுக்குள் போனார்கள். எக்கர் சிரிப்பை மறந்துபோய்ப் பின்னால் ஓடினார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் டெஸ்மன்ட் புலம்பிக்கொண்டே வந்தார். அவர் தன் வேடத்தை மிக நன்றாகச் செய்திருந்தார். பெட்டியை நிறை பார்த்த பெண் கடைசியில் அவரைச் சும்மா விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லிப் பெருமைப்பட வந்தவருக்கு இந்தக் கதை காத்திருந்தது.

“நீர் ஏன் இப்பிடி எல்லாரோடயும் கொளுவுறீர்? பிள்ளையின்ர வேலையை யோசிச்சுப் பாத்தனீரோ?”

“பிள்ளையைப் பற்றி என்னோட இப்ப கதையாதேங்கோ,” என்றாள் றீற்றா.

ஞாயிற்றுக்கிழமை நதாலி வந்தாள். கையில் கேக் பெட்டி. சப்பாத்தைக் கழற்ற முன்னமே றீற்றா தொடங்கினாள்.

“உனக்கு வாயில்லையோ?”

“அம்மா, நான் எத்தின கூட்டத்தில கதைச்சனான் தெரியுமோ? முதல் வருசத்தில இருந்து கதைக்கிறன். ஓம் ஓம் எண்டு கேப்பினம். தற்காலிகம் எண்டுவினம். நாலு பேர் தூக்கலாம் எண்டுவினம். படத்தில காட்டினா ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஆள் வந்து நிக்க வேணும்.”

“அதுக்கு நான் ஆளோ?”

“நீங்கள் வாய் மூடி இருக்க மாட்டியள் எண்டு தெரியும்.”

“என்னட்டக் கேட்டிருக்கலாமே! கேட்டிருந்தா நான் ஓம் எண்டிருப்பன். சந்தோசமா ஓம் எண்டிருப்பன். குப்பை வாளிக்குப் பக்கத்தில என்ன, குப்பைக்குள்ளயே இருந்திருப்பன். கேக்காமல் கொண்டுபோய் விட்டியே. அந்த எக்கர் என்னைச் சாமான் மாதிரித் தூக்கப் பாத்தான். நீ என்னைச் சாமான் மாதிரி வைச்சாய். ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?”

நதாலியின் கண் கலங்கியது. “சொல்லியிருந்தா நீங்கள் நடிச்சிருப்பியள். உங்கட முகத்தைப் பாத்தாலே கண்டுபிடிச்சிருப்பினம்.”

“என்ர முகத்தைப் பற்றி நீ முடிவெடுக்காதை.”

டெஸ்மன்ட் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். உள்ளே வருவதா போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நதாலி கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனாள். பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை.

திறப்பு விழா நாலாவது தடவையாகத் தள்ளிப்போனது. ஒரு பத்திரிகை சட்டத்தைப் பற்றியும் மாற்றுத்திறனாளிகளைப் பற்றியும் எழுதியது. இன்னொன்று, ஒத்துழைக்க மறுத்த ஒரு பயணியால் தலைநகருக்கு வந்த நட்டம் என்று எழுதியது. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி, “றீற்றா அக்கா, நீங்கள்தானோ பிளேனை மறிச்சது?” என்று பகிடியாகக் கேட்டாள். “பிளேனே இல்லை, பிறகென்ன மறிக்கிறது?” என்று றீற்றா சுள்ளென்று விழுந்தாள். நதாலியிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவளும் அழைக்கவில்லை. பெரிய வெள்ளி வந்தது, உயிர்த்த ஞாயிறும் போனது.

டெஸ்மன்ட் மட்டும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் நின்று மகளோடு இரகசியமாகக் கதைப்பதை றீற்றா அறிவாள். ஒரு நாள் அவர் அங்கிருந்து வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“உம்மைத் தள்ளிக்கொண்டு போன அந்தப் பிள்ளைக்கு வேலை போட்டுதாம்.”

“ஆர், செலாமுக்கோ? என்னத்துக்கு?”

“அவ மெல்லப் போனதாலதான் பிந்தினதாம். கதவு திறக்கத் தெரியேல்லையாம். அப்பிடித்தான் அறிக்கையில போட்டிருக்காம். இன்னும் பழகிற காலம்தானே, நிப்பாட்டிப்போட்டினம்.”

செலாமின் கழுத்துத் துணி இன்னும் றீற்றாவின் அலுமாரியில் இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள். அவள் கணவரின் கையிலிருந்த கைத்தொலைபேசியைப் பறித்தாள். நதாலி இன்னும் மறுமுனையில் இருந்தாள்.

“நதாலி! அவள் செய்தது என்ன பிழை? வானைப் பிந்தி அனுப்பினது அவளோ? கதவுக்கு அட்டை குடுக்காதது அவளோ?”

“எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும் அம்மா.”

“போய்ச் சொல்லு. உன்ர வாயால சொல்லு. அந்த வழி எப்பிடி எண்டு எனக்கு முதலே தெரியும், தெரிஞ்சுதான் என்ர தாயை அதுக்குள்ள விட்டனான் எண்டு சொல்லு. அவளில பழியைப் போட்டிட்டு நீ அங்க வேலை செய்வியோ? அந்தச் சம்பளத்தில வாங்கின கேக்கை இனி இந்த வீட்டுக்குக் கொண்டராதை.”

“சொன்னா என்னையும் அனுப்பிப்போடுவினம்,” என்றாள் நதாலி.

“தெரியும்,” என்றாள் றீற்றா. சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே நதாலி பெரிய கூட்டத்தில் எழுந்து சொன்னாள். அன்று மாலை அவளே அழைத்தாள்.

“சொல்லிப்போட்டன் அம்மா.”

“என்ன சொன்னவை?”

“ஒண்டும் சொல்லேல்லை. எக்கர் சன்னலைப் பாத்துக்கொண்டிருந்தவர். பச்சைக் கோட்டு மனுசி எழுதிக்கொண்டிருந்தவ.”

அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதைவிடக் கெட்டித்தனமாகச் செய்தார்கள். வாகனத் தரிப்பிடப் பகுதிக்கு மாற்றி, நிலக்கீழ் அறையில் ஒரு மேசை கொடுத்தார்கள். கோடை முடிவதற்குள் அவளே விட்டுவிட்டு பாடன் நகரில் ஒரு நிறுவனத்தில் ரயில் நிலையங்கள் வரையப் போனாள். செலாமைத் திரும்ப எடுப்பதாக எழுதினார்களாம். அவள் அதற்கிடையில் பேர்ணில் ஒரு வைத்தியசாலையில் கட்டில் தள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். றீற்றா அவளுடைய எண்ணைத் தேடி எடுத்து அழைத்தபோது, “நீங்கள் செய்தது சரி. ஆனால் இரண்டு மாதம் நான் என் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்தேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்,” என்றாள் செலாம். றீற்றா தெரிந்துகொண்டாள். கழுத்துத் துணியைத் தோய்த்து, மடித்து, தபாலில் அனுப்பினாள்.

அந்தக் கோடையில் மண்டபத்தின் தளத்தை வெட்டி, தண்ணீரை இறைத்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி லிஃப்ட் வைத்தார்கள். ஒருபோதும் முடியாது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கோடையில் செய்து முடித்தார்கள். பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்தபோது றீற்றாவுக்கு மகிழ்ச்சி வரும் என்று டெஸ்மன்ட் எதிர்பார்த்தார். அவளுக்கு முன்னையதைவிடக் கூடுதல் கோபம்தான் வந்தது. “இவ்வளவுதானோ? இவ்வளவுதான் வேலையோ?” என்று பத்திரிகையை மேசையில் அடித்தாள்.

புரட்டாதியில் எக்கர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. அடுத்த மாதம் உண்மையாகவே திறக்கிறோம், திருமதி குரூஸ். அமைச்சர் வருகிறார். புதிய லிஃப்டில் முதலாவதாக இறங்குகிறவர் நீங்களாக இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும். ஒரு பூங்கொத்து, ஒரு படம், போய் வர வாகனம், எல்லாம் எங்கள் பொறுப்பு.

றீற்றா கேட்டு முடித்தாள்.

“என் மகளைக் கூப்பிட்டீர்களா?”

“உங்கள் மகள் இப்போது எங்களோடு இல்லையே.”

“தெரியும். கூப்பிட்டீர்களா என்றுதான் கேட்டேன்.”

எக்கர் தொண்டையைச் செருமினார். “அது கொஞ்சம் சிக்கலான விடயம், திருமதி குரூஸ். உங்களுக்கு விளங்கும்.”

“எனக்கு விளங்காது,” என்றாள் றீற்றா. “அந்த லிஃப்ட் அவள் கேட்டது. நான் அன்றைக்குச் சும்மா இருந்தவள், நாற்காலியில். அவள் எழும்பி நின்று சொன்னவள். அவளை மேடைக்குக் கூப்பிடுங்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு என்னைக் கேளுங்கள்.”

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. தொலைபேசியை வைத்தாள். குசினியிலிருந்து டெஸ்மன்ட் எட்டிப் பார்த்தார்.

“ஆர் அது? என்னவாம்?”

“பூங்கொத்து தரப்போயினமாம்,” என்று றீற்றா கத்தினாள். “பூங்கொத்து!”

பிறகு பாடனுக்கு அழைத்தாள். நதாலி எடுத்ததும், இந்தப் பக்கத்திலிருந்து சுகம் விசாரிப்பு எதுவுமில்லாமல், எக்கர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லி, அவருக்குத் தான் சொன்னதையும் சொல்லி, சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவரைத் திட்டித் தீர்த்தாள். நதாலி இடையில் ஒருமுறை சிரித்தாள்.

“சிரியாதை,” என்றாள் றீற்றா. “உன்னிலயும் எனக்கு இன்னும் கோவம்தான்.”

“தெரியும் அம்மா,” என்றாள் நதாலி. “சொல்லுங்கோ. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”